ஐபோனில் 'அனுப்பு' அழுத்தினால் ஃபார்ம் வெறுமையாகிறது: கடைசித் தேதிக்கு நான்கே நாள்

தாராவி90அடி · திங்கள், இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் நாங்கள் சில பேர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டண உதவி செய்து வருகிறோம். போன வருஷம் வரை காகித ஃபார்ம்தான். 90 அடி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வைத்திருப்போம். பெற்றோர் வாங்கி நிரப்பி, ரேஷன் கார்டு நகலோடு திருப்பித் தருவார்கள். இந்த வருஷம் நான் பொறுப்பெடுத்து வெப் ஃபார்ம் செய்தேன். பிள்ளை பெயர், போன் நம்பர், பள்ளி, வகுப்பு, குடும்ப வருமானம், தாக்லா (சான்றிதழ்) போட்டோ, கடைசியில் 'ஏன் உதவி தேவை' என்று ஒரு பெரிய கட்டம். ஜூன் 15 வாக்கில் பள்ளி திறந்துவிடும். அதற்குள் பணம் கட்ட வேண்டும் என்பதால் கடைசித் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

புகார் மூன்று விதமாக வருகிறது. சிலருக்கு 'அனுப்பு' அழுத்தியதும் பக்கம் ஒரு தடவை வெளுத்து, எல்லாக் கட்டமும் காலியாகிவிடுகிறது. வந்துசேர்ந்தது என்ற செய்தியும் இல்லை, பிழை என்றும் இல்லை. இன்னும் சிலருக்கு வெள்ளைப் பக்கத்தில் 414 என்று ஒரு எண் மட்டும் வருகிறது. மூன்றாவது வகைக்கு பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றுமே நடப்பதில்லை.

என் ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. லேப்டாப்பில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. விழுவது பெரும்பாலும் ஐபோனில்தான் என்று தோன்றுகிறது. என்னிடம் ஐபோனும் இல்லை, மேக்கும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு படபடப்பாக எழுதுகிறேன் என்றால், மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா நேற்று சாயங்காலம் வந்தார். வேலை செய்யும் வீட்டில் கொடுத்த பழைய ஐபோன் அவருடையது. மகள் ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பிள்ளை கடைசிக் கட்டத்தில் ஒரு பக்கத்துக்குத் தமிழிலேயே எழுதியிருக்கிறாள். மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் 414. போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: "எங்க மேல ஏதும் தப்பா தம்பி? எங்க பேர எடுக்க மாட்டாங்களா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

முலுண்ட்ஸ்லோ · திங்கள், இரவு 11:58

தம்பி, நாலு நாள்தான் இருக்குன்னா இப்போதைக்கு எல்லாருக்கும் குரோம் இறக்கிப் போடச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க. எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி வந்தா முதல்ல அதைத்தான் செய்வோம். புரோகிராம் கோடை அப்புறம் நிதானமாப் பார்க்கலாம்.

செம்பூர்வாசி · செவ்வாய், காலை 6:20

முலுண்ட் அண்ணா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஐபோனில் அது உதவாது. அங்கே குரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளே பக்கத்தைப் படித்துக் காட்டுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல், ஐஓஎஸ் 17.4-லிருந்து வேறு எஞ்சினுக்கு வழிவிட்டார்கள். நம் ஊரில் அந்த வழி இல்லை. சஃபாரியில் விழுந்த ஃபார்ம் ஐபோன் குரோமிலும் அதே இடத்தில் விழும். அந்த அக்கா டேட்டா செலவழித்து குரோம் இறக்கி, நாலாவது தடவையும் எழுதி, மறுபடி தோற்பார். அந்த மெசேஜை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

தாராவி தம்பி, யூகத்தில் கோடை மாற்றாமல் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பக்கம் வெறுமையானதும் மேலே அட்ரஸ் பாரில் என்ன இருக்கிறது? ஓரத்தில் தட்டி முழுசாகப் படிக்கவும். அந்த போன் எந்த மாடல், ஐஓஎஸ் எத்தனை? சர்வர் லாகில், அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவில், அந்த நேரத்தில் வந்த வரி கெட்டா (விவரம் முகவரியிலேயே ஒட்டிப் போவது), போஸ்டா (விவரம் முகவரியில் இல்லாமல் தனியாகப் போவது)?

இன்னொன்று. மேக் இல்லாமலும் ஐபோனில் பிழையைப் பார்க்கலாம். ஹெட் பகுதியில், உங்கள் பெரிய ஸ்கிரிப்டுக்கு முன்னால், நாலு வரியில் தனி ஸ்கிரிப்ட் ஒன்று வையுங்கள். ஸ்கிரிப்டில் பிழை வந்தால் பிரவுசர் கூப்பிடும் விண்டோ ஆன்எரரைப் பிடித்து, வரும் செய்தியைப் பக்கத்தின் தலையிலேயே சிவப்பில் எழுதட்டும். தனியாக இருப்பது முக்கியம். பெரிய ஃபைலுக்குள்ளேயே வைத்தால், அந்த ஃபைல் படிக்கப்படாமலே போகும்போது இதுவும் சேர்ந்து போய்விடும். ஃபைலும் உங்கள் தளத்திலிருந்தே வர வேண்டும். வேறு டொமைனிலிருந்து வந்தால் 'ஸ்கிரிப்ட் எரர்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பிரவுசர் எதுவும் சொல்லாது.

தாராவி90அடி · செவ்வாய், பகல் 1:15

அண்ணா, வேலைக்குப் போகும் வழியில் அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐபோன் 7, ஐஓஎஸ் 15.8. அப்டேட் பகுதியில் புதிதாக எதுவும் இல்லை என்கிறது.

சிவப்பு எழுத்து வந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்: 'சின்டாக்ஸ் எரர்: இன்வேலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்'.

சும்மா ஒரு வரி நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். பக்கம் வெறுமையானது. அட்ரஸ் பாரைத் தட்டினேன். கேள்விக்குறிக்குப் பின்னால் நான் நிரப்பிய எல்லாமே இருந்தது: பெயர், போன் நம்பர், வருமானம். உடனே லாகைத் திறந்தேன். எல்லாம் கெட். ஒரு வாரமாக வந்த எத்தனையோ குடும்பத்தின் பெயரும் நம்பரும் வருமானமும் வரி வரியாக அந்த டெக்ஸ்ட் ஃபைலில் கிடக்கிறது. கை நடுங்கிவிட்டது அண்ணா. நம்பிக் கொடுத்த விவரம். நான் எழுதிய கோடில் கெட் என்ற சொல்லே கிடையாது, ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வழியாக போஸ்ட்தான் செய்கிறேன். இது எங்கிருந்து வந்தது?

செம்பூர்வாசி · செவ்வாய், மாலை 7:45

கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தச் சிவப்பு வரியிலேயே முழுக்கதையும் இருக்கிறது.

வருமானக் கட்டத்தில் 150000 என்று அடித்தால் 1,50,000 என்று கமா விழுகிறதா? அதற்கு எங்கேயோ கிடைத்த ரீஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரம்) ஒன்றைப் போட்டிருப்பீர்கள். அதில் (?<! அல்லது (?<= என்று ஆரம்பிக்கும் துண்டு இருக்கும், தேடிப் பாருங்கள். அதற்கு லுக்பிஹைண்ட் என்று பெயர். முன்னால் இருக்கும் எழுத்தைத் திரும்பிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வது. குரோமில் இது 2017-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2020. சஃபாரிக்கு 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான் வந்தது. ஐபோனில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடு மட்டும்தான் புதுப்பிக்கப்படும். ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-தான் கடைசி. ஆக அந்த போன் எத்தனை வருஷம் நல்லபடியாக உழைத்தாலும் இந்தத் துண்டை அதற்குப் படிக்கத் தெரியாது.

ஒரு கமாவுக்காக முழு ஃபார்மும் ஏன் விழ வேண்டும்? இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் நேரடியாக எழுதிய ரீஜெக்ஸை பிரவுசர் ஃபைலைப் படிக்கும்போதே சரிபார்க்கும். அங்கே இலக்கணப் பிழை என்று பட்டால் அந்த வரியோடு நிற்காது, முழு ஃபைலையும் தள்ளிவிடும். முதல் வரிகூட ஓடாது. 'அனுப்பு' பட்டனை நீங்கள் பிடித்துவைக்கும் கோடும் அதே ஃபைலில்தானே இருக்கிறது? அதுவும் போயிற்று. பிரவுசர் தானாக அனுப்புவதைத் தடுக்க, பிரிவென்ட் டிஃபால்ட் சொல்ல ஆளில்லை.

அப்போது ஹெச்டிஎம்எல் தன் பழைய வழக்கப்படி நடக்கும். ஃபார்ம் டேகில் மெத்தட் எழுதாவிட்டால் அது கெட். ஆக்ஷன் எழுதாவிட்டால் அதே பக்கம். எல்லாக் கட்டத்தையும் முகவரியில் ஒட்டி, அதே பக்கத்தை மறுபடி கேட்கும். புதுப் பக்கம் காலியாக வந்து நிற்கும். நீங்கள் எழுதாத கெட் இப்படித்தான் வந்தது.

414 என்றால் முகவரி அளவுக்கு மீறி நீளம் என்று சர்வர் சொல்வது. அதற்கும் காரணம் இதேதான், அதில் நம் மொழி சம்பந்தப்பட்டிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் மூன்று பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். 'நன்றி' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியையும் இகரத் துணையெழுத்தையும் சேர்த்து ஐந்து குறி. முகவரியில் 45 இடம். என்ஜின்எக்ஸ் சர்வரில் கோரிக்கையின் முதல் வரிக்கு, அதாவது முகவரி வரும் வரிக்கு, இயல்பாக 8 கேபிதான் இடம், அதாவது தமிழில் ஏறக்குறைய 900 குறி. ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியவருக்குப் பக்கம் வெறுமையானது. மனதில் இருந்ததையெல்லாம் தமிழில் கொட்டிய பிள்ளைக்கு 414 வந்தது.

செய்ய வேண்டியது: அந்த ரீஜெக்ஸை எடுத்துவிடுங்கள். லட்சக் கணக்கில் கமா போட டூ-லோகேல்-ஸ்ட்ரிங்கில் 'ஈஎன்-ஐஎன்' கொடுத்தால் பிரவுசரே போடும். பேபல் மாதிரி கருவி பழைய பிரவுசருக்கு மாற்றித் தரும் என்று நம்ப வேண்டாம், லுக்பிஹைண்டை அது மாற்றாது. அதைவிட முக்கியமாக, ஃபார்ம் டேகில் மெத்தட் போஸ்ட் என்றும், ஆக்ஷனில் சர்வர் முகவரியையும் இப்போதே எழுதுங்கள். என்க்டைப்பில் மல்ட்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா சேருங்கள். அது இல்லாவிட்டால் தாக்லா போட்டோவுக்குப் பதில் அதன் ஃபைல் பெயர் மட்டும் வந்துசேரும்.

அப்புறம், லாகைப் போல விவரம் தங்கும் இன்னொரு இடம். அனலிடிக்ஸ், அதாவது வருகையைக் கணக்கெடுக்கும் கருவி, ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? அதிருக்கும் பக்கத்தின் முழு முகவரியை அது தன் சர்வருக்கு அனுப்பியிருக்கும். இந்த ஃபார்ம் பக்கத்திலிருந்து இன்றே கழற்றுங்கள்.

கிங்ஸ்சர்க்கிள்அக்கா · செவ்வாய், இரவு 9:30

நான் டெஸ்டிங்கில் இருப்பவள். உங்கள் மூன்றாவது வகைப் புகார், அதாவது ஒன்றுமே நடக்காதது, எனக்கு வேறு விஷயமாகப் பட்டது. அதனால் ஃபார்மைத் திறந்து பார்த்தேன். அனுப்பவில்லை, கவலைப்படாதீர்கள்.

'பள்ளியா, கல்லூரியா' என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள். நான் தவறுதலாகக் கல்லூரியைத் தொட்டேன், 'கல்லூரிப் பெயர்' கட்டம் திறந்தது. பள்ளிக்கு மாற்றினேன், அந்தக் கட்டம் மறைந்தது. எல்லாம் நிரப்பி அழுத்தினேன். பட்டன் அசையவில்லை. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் பார்த்தால், தப்பாக இருக்கும் கட்டத்துக்குள் ஃபோகஸ் வைக்க முடியவில்லை என்று ஒரு வரி. கல்லூரிப் பெயர் கட்டத்தை மறைத்தீர்கள், ஆனால் அது இன்னும் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) ஆகவே இருக்கிறது. காலியாக இருப்பதால் பிரவுசர் அனுப்ப மறுக்கிறது. 'இதை நிரப்பு' என்று சுட்டிக்காட்ட அந்தக் கட்டம் திரையில் இல்லை. அதனால் மௌனமாக நிற்கிறது.

இது ஐபோன் பிரச்சினை கிடையாது தம்பி. நான் பார்த்தது லேப்டாப் குரோமில். ஒரு தடவை கல்லூரியைத் தொட்டுவிட்டுத் திரும்பிய எவருக்கும் எந்த பிரவுசரிலும் வரும். நாம் சோதிக்கும்போது சரியான பட்டனை மட்டுமே தொடுகிறோம், அதனால் நம் கண்ணில் படுவதில்லை. அந்தக் கட்டங்களை ஃபீல்ட்செட் என்ற ஒரே தொகுப்புக்குள் வைத்து, மறைக்கும்போது டிஸேபிள் செய்துவிடுங்கள். டிஸேபிள் ஆன கட்டத்தை பிரவுசர் சரிபார்க்காது, அனுப்பவும் செய்யாது.

ஸ்பேம் அனுப்பும் நிரல்களை ஏமாற்றி நிரப்பவைக்கக் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஏதும் வைத்திருக்கிறீர்களா? அதற்கு 'ஈமெயில்', 'வெப்சைட்' மாதிரி பெயர் இருந்தால் சிலருக்கு ஆட்டோஃபில் போய் நிரப்பிவிடும். சர்வர் அவர்களை ஸ்பேம் என்று சத்தமில்லாமல் தள்ளிவிடும். அதையும் பாருங்கள்.

முலுண்ட்ஸ்லோ · செவ்வாய், இரவு 10:05

செம்பூர் அண்ணா சொன்னது சரி, நான் ஐபோன்ல எஞ்சின் வேறங்கறதை யோசிக்கல. தம்பி, நல்லவேளை அந்த மெசேஜ் போகல.

ஒண்ணு கேக்கறேன். கோடைத் திறக்கறப்பவே பெயர் கட்டத்துல ஒரு பேட்டர்னும் போட்டுடலாமே? [அ-ஹ]ன்னு வெச்சா தமிழ் எழுத்து மட்டும் ஏத்துக்கும், தப்பும் குறையும்.

செம்பூர்வாசி · செவ்வாய், இரவு 10:40

வேண்டாம் அண்ணா. பார்க்கச் சரியாகத் தெரியும், ஆனால் 'கண்ணன்' என்ற பெயரையே ஏற்காது. யூனிகோட் வரிசையில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஹ-வுக்குப் பிறகு வருகின்றன. [அ-ஹ] என்றால் அவை அத்தனையும் வெளியே நிற்கும். புள்ளியோ துணையெழுத்தோ இல்லாத பெயர் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இனிஷியலுக்குப் பின் புள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள், பள்ளிச் சான்றிதழில் மராத்தியில் பெயர் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெயர் கட்டம் காலியாக இல்லை என்றால் போதும். ஒருவர் தன் பெயரை எழுதும்போது அது தப்பு என்று ஃபார்ம் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

தாராவி90அடி · புதன், நள்ளிரவு 1:50

ரீஜெக்ஸ் அண்ணா சொன்ன இடத்திலேயே இருந்தது. எடுத்துவிட்டேன். மெத்தட், ஆக்ஷன், என்க்டைப் மூன்றும் எழுதினேன். கல்லூரிக் கட்டங்களை அக்கா சொன்னபடி ஃபீல்ட்செட்டில் போட்டேன். ஸ்பேம் கட்டத்தின் பெயர் 'வெப்சைட்' என்றுதான் இருந்தது, அதையும் மாற்றினேன். அனலிடிக்ஸ் கழற்றியாயிற்று, அங்கே சேர்ந்திருந்ததையும் அழித்தேன்.

அப்புறம் ஜாவாஸ்கிரிப்டை முழுசாக அணைத்துவிட்டு அனுப்பிப் பார்த்தேன். 413 வந்தது, அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரிது என்று. யோசித்தால், ஸ்கிரிப்ட் ஓடும்போது போட்டோவைச் சின்னதாக்கி அனுப்புகிறேன். ஸ்கிரிப்ட் இல்லாதபோது போன் எடுத்த படம் அப்படியே, 4 எம்பி போகிறது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது. அந்த அளவையும், பிஹெச்பியில் ஒரு ஃபைலுக்கு உள்ள 2 எம்பி அளவையும் உயர்த்தினேன். இப்போது ஸ்கிரிப்ட் இல்லாமலும் போகிறது. கமா விழவில்லை, அவ்வளவுதான்.

காலையில் அந்த அக்கா வேலைக்குக் கிளம்பும் முன் போய் அவர் போனிலேயே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்தேரிஈஸ்ட் · புதன், காலை 10:10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கும் சஃபாரியில் மட்டும் ஃபார்ம் போகவில்லை, ஆனால் பக்கம் வெறுமையாகவில்லை. 419 ('பக்கம் காலாவதி') வருகிறது. எங்கள் ஃபார்மை வேறொரு அமைப்பின் தளத்தில் ஐஃப்ரேமாக, அதாவது அவர்கள் பக்கத்துக்குள்ளேயே பதித்து, வைத்திருக்கிறார்கள். எங்கள் தளத்தில் நேராகத் திறந்தால் சஃபாரியிலும் சரியாகப் போகிறது. இதுவும் ரீஜெக்ஸ்தானா?

செம்பூர்வாசி · புதன், காலை 10:35

இல்லை, உங்களுடையது குக்கி. இன்னொரு தளத்துக்குள் ஐஃப்ரேமில் இருக்கும்போது வந்தவரை நினைவில் வைக்க உங்கள் தளம் பிரவுசரில் வைக்கும் செஷன் குக்கி மூன்றாம் நபர் குக்கி ஆகிவிடுகிறது. சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து, 13.1 பதிப்பு முதல், அவற்றை முழுசாகத் தடுக்கிறது. ஃபார்மோடு போகும் பாதுகாப்பு டோக்கன் வந்தாலும் அதோடு ஒப்பிட செஷன் இல்லை, அதனால் 419. ஐஃப்ரேமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் பக்கத்துக்கு ஒரு லிங்க் வைக்கச் சொல்லுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன, ஆனால் இதைப்போல் நிலைத்து நிற்பது எதுவும் இல்லை.

தாராவி90அடி · வெள்ளி, இரவு 10:20

இன்றோடு கடைசித் தேதி முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த லாகை உடனே அழித்துவிடத்தான் நினைத்தேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அவர்தான், "நில்லுப்பா, யார் யார் அனுப்பி வராமப் போச்சுன்னு அதுலதான இருக்கு?" என்றார். உண்மைதான். ஸ்கிரிப்ட் ஓடாமல் விழுந்த ஒவ்வொருவரின் நம்பரும் அதில் இருந்தது. 414 வந்த வரிகளிலும், சர்வர் வாங்கிய 8 கேபி வரை அப்படியே பதிந்திருந்தது. பெயரும் நம்பரும் ஃபார்மின் தொடக்கத்திலேயே இருப்பதால் எல்லாம் கிடைத்தது. புதன் இரவும் வியாழன் இரவும் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். என்ன ஆயிற்று, விவரம் எங்கே பதிந்திருந்தது, எப்போது அழிக்கப் போகிறோம் என்று மறைக்காமல் சொன்னோம். போனில் ஹிஸ்டரியை அழிக்கவும் சொன்னோம், ஒரு போனைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீடுகள்தான் அதிகம். அனுப்பிவிட்டோம் என்று நம்பி நிம்மதியாக இருந்தவர்களே நிறைய. வெறுமையான பக்கத்தை அவர்கள் 'போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போன் செய்திருக்காவிட்டால் அவர்கள் வரவே போவதில்லை.

எல்லோரும் மறுபடி அனுப்பி முடித்ததும் இன்று இரவு லாகையும் அதன் பேக்கப்பையும் அழித்தேன். இனி இந்தப் பக்கத்தின் லாகில் கேள்விக்குறிக்குப் பின்னால் எதுவும் பதியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அந்த அக்கா வீட்டுக்குப் புதன் காலையிலேயே போயிருந்தேன். மகள் போனை வாங்கிக்கொண்டாள், ஆனால் நாலாவது தடவை எழுத அவளுக்கு மனசில்லை. "மொதல்ல எழுதுன மாதிரி வராதுண்ணா" என்றாள். லாகில் அவள் வரியைத் தேடினேன். சதவீதக் குறியும் எண்ணுமாகத் திரை நிறையக் கிடந்தது. அதை டிகோட் செய்தேன். அவள் எழுதியதில் முக்கால் பங்கு எழுத்துப் பிசகாமல் வந்தது, ஒரு சொல்லின் நடுவில் அறுந்திருந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு சாயங்காலம் கொடுத்தேன். அறுந்த சொல்லிலிருந்து தொடங்கி மீதியை அவளே எழுதி, அந்த ஐபோன் 7-லிருந்தே அனுப்பினாள். 7:52-க்கு வந்துசேர்ந்தது.